மூன்று நாள் தாங்கும் பேட்டரி

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் நான் குடியிருக்கும் தாமான் வீடமைப்பில் என்னை ‘எதையும் நம்பாத டீச்சர்’ என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பேட்டரியையும் பல்பையும் கம்பியால் இணைத்து எரியவைக்கிற பாடத்தை வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். கைப்பேசியின் முதுகில் ஒட்டினால் பேட்டரி மூன்று நாள் தாங்கும் என்று யாராவது ஒரு ஸ்டிக்கரை நீட்டினால் எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

என் வீட்டில் பேட்டரி ஏற்கெனவே ஒரு பொல்லாத வார்த்தை. எனக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவான். அவன் அப்பா போன பிறகு அந்த அழைப்புக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். குழாய் உடைந்தது, மாமரம் பூத்தது, ஈப்போவில் கண் டாக்டரைப் பார்த்தது என்று சொல்ல நிறைய சேர்த்து வைத்திருப்பேன். குழாயை முடித்து மாமரத்துக்கு வருவதற்குள், “ம்மா, பேட்டரி இல்ல, அப்புறம் கூப்பிடுறேன்” என்பான். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறுதான் வரும். பிறகு நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பார்க்காத தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அங்கிருந்து கிளம்பி வந்தோம். தோட்டத்தில் டார்ச்லைட் மங்கினால் பேட்டரிக் கட்டைகளை எடுத்து வெயிலில் காயப்போடுவார்கள். சூடேறிய கட்டை இன்னும் கொஞ்ச நேரம் எரியும், பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அதுவே பெரிது. அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. சார்ஜ் நிற்காத தன் கைப்பேசியை முறத்தில் மிளகாயோடு சேர்த்துக் காயப்போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் அது பூரி மாதிரி உப்பிவிட்டது. புதுப் போன் வாங்கினார். அதற்காவது ஒன்றும் ஆகக்கூடாதென்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அந்தத் தங்க நிற ஸ்டிக்கரையும் வாங்கி ஒட்டிக்கொண்டார்.

“இப்ப சார்ஜே எறங்க மாட்டுது, டீச்சர்.”

“புதுப் போன்ல எறங்காதுக்கா. ஸ்டிக்கர் இல்லாட்டியும் எறங்காது.”

“ஒங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும் லா,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பாசார் மாலாமுக்கு நானே போனேன். அந்த ஸ்டிக்கர் விற்கிற ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன். கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, சோயா பால் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில் நின்று கூவிக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, உறைக்கு மேல ஒட்டுற தாளு, உள்ள இருக்கிற பேட்டரிய எப்படித் தொடும்?”

“தொட வேணாம் டீச்சர். கதிர் போவும்.” நான் டீச்சர் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது போல.

“என்ன கதிர்?”

“நல்ல கதிர்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆளை மடக்கிவிட்டோம் என்று நான் அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கூட்டம் கலையும்வரை துணிக்கடையில் கைலிகளைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வந்து ஒன்று வாங்கினேன். வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது மகனின் போனில் ஒட்டியிருந்தால், அந்தப் பேட்டரிக் கதையைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வருமே என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் ஆபீசில், காலடியிலெல்லாம் பிளக் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன். இருந்தும் அந்தக் கதையைக் கேட்டு நான் ஒரு நாளும் ஏன்டா என்று கேட்டதில்லை.

தீபாவளிக்கு வந்தான். மறுநாள் கிளம்பும்போது அதைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நீங்களா வாங்குனீங்க?”

“சும்மா ஒட்டி வை. பேட்டரி நிக்குமாம்.”

ஏதாவது கிண்டலாகச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை உரித்து, என் எதிரிலேயே போனின் முதுகில் ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பலகாரப் பையை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு அவன் பேட்டரி என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். நான் குழாயைச் சொல்கிறேன், மாமரத்தைச் சொல்கிறேன், அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசாததைச் சொல்கிறேன். “ம்” என்கிறான். சேர்த்து வைத்ததெல்லாம் தீர்ந்த பிறகும் போனை வைக்கமாட்டான். அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். நானும் அடுத்து என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடம் நான் ஏங்கிய நேரம் இதுதான். கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

போன ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. போனைச் சார்ஜரில் செருகியபடிதான் பேசிக்கொண்டிருந்தேன்.

“ஐயா, எனக்கு இங்க பேட்டரி முடியப் போவுது. வைக்கட்டுமா?”

“சரிம்மா,” என்றான், உடனே.