புண்ணுக்குக் காத்திருந்தவள்

பெற்ற பிள்ளையின் உடம்பில் புண் வரட்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? வேண்டினாள் ஒருத்தி. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைக்கு விளிம்பு தைக்கும் காஜா மெஷினில் அவளுக்கு வேலை. அதனால் தெருவே அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடும். புருஷன் கடைகளுக்கு போர்டும் பேனரும் எழுதும் பெயிண்டர்.

அவளுக்குக் கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மூத்தவன் பிறந்தபோது காசநோய்த் தடுப்பூசி போடவே அவள் விடவில்லை. ஊசி போட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையின் தோளில் சீழ் வைத்திருந்ததைப் பார்த்திருந்தாள். "ஐயோ, என் தங்கத்துக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து நைசாக நழுவி வந்துவிட்டாள். ஒரு வயது ஆவதற்குள் அந்த நோய் மூளைக்கு ஏறி, தங்கத்தை வாரிக்கொண்டு போனது. புருஷன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது, பெண் குழந்தை. பிறந்ததும் "ஊசி போடுங்க, ஊசி போடுங்க" என்று நர்ஸின் உயிரை வாங்கினாள். நர்ஸ் இடது தோளில் போட்டுவிட்டு விளக்கமாகவே சொன்னாள்.

"இப்ப பொட்டு மாதிரி உப்பும், கொஞ்ச நேரத்துல அமுங்கிடும். சில வாரம் கழிச்சு அதே இடத்துல சின்னதாக் கொப்புளம் கிளம்பும். சீழ் பிடிச்சு உடையும், பொருக்குத் தட்டும், அப்புறம் தழும்பு. எதையும் தடவாத, பிதுக்காத, கட்டுப் போடாத. தண்ணி பட்டாப் பரவாயில்ல."

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தோளைப் பார்த்தாள். காஜாவில் ஒரு நூல் விலகினாலும் பிடித்துவிடும் கண் அது. அந்தக் கண்ணுக்கு ஒரு சிவப்புகூடச் சிக்கவில்லை. கூடவே ஊசி போட்ட குழந்தைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "பாருக்கா, எம்புள்ளைக்குச் சீழா வடியுது" என்று மூக்கைச் சிந்தினாள். காஜாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரம் வாங்கி வைத்துக்கொண்டு அழுகிறாளே, பாவி!

பொறுக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள்.

"இன்னொரு ஊசி போடுங்க சிஸ்டர். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சில குழந்தைக்கு வராதும்மா. வரலைன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமில்ல. அதுக்காக ரெண்டாவது ஊசி போடறதில்ல."

"வேலை செய்யுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. நம்பணும்."

நம்புவதாம்! ஒன்றைப் புதைத்தவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை தும்மினால் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தொழிற்சாலையில் தையல் கோணிக்கோணிப் போய், மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தால், புருஷன் குழந்தையோடு வாசலிலேயே நிற்கிறான்.

"வந்துடுச்சு! இந்தா பாரு!"

இடது தோளில், அதே இடத்தில், மிளகளவு சிவப்பு. நடுவில் மஞ்சளாக ஒரு முனை. காஜாக்கா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழந்தையின் மேல் பெயிண்ட் வாசனை அடித்தது. அவன் தூக்கினால் எப்போதும் அடிக்கும்தானே. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டினாள். தோளில் பட்டும் படாமல் தண்ணீரை விட்டாள். சிவப்பு கரைந்து முழங்கை வரை ஓடியது. பின்னாலேயே மஞ்சளும் போனது. அடியில் பளிங்கு போலச் சுத்தமான தோல்.

நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் அவன் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ சாப்பிடாமச் செத்துடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா. அவனையும் குடுத்துட்டு உன்னையும் குடுக்க என்னால ஆகாது."

அவள் கத்துவாள், தண்ணீர்ச் செம்பு பறந்து வரும் என்றுதான் அவன் நினைத்தான். அவளோ குழந்தையைத் துடைத்தாள். மடியில் போட்டுக்கொண்டு, இடது கையை அசையாமல் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. நாளாக ஆகப் பெருசாகணுமில்ல?"

அவன் பிரஷ்ஷை எடுத்து வந்தான். ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு இழுக்கிற கை, அந்தச் சின்னத் தோளுக்குப் பக்கத்தில் போனதும் தொடாமல் நின்றுவிட்டது. பிரஷ் தோளில் படட்டும் என்று அவள் காத்திருந்தாள்.