மீட்டிங்கில் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டது

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது.

குழந்தை பிறப்பதற்கு முன்பு ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு வியாபாரிகளிடம் ஆர்டர் பேசுகிற வேலை. இரண்டரை வருட இடைவெளிக்குப் பிறகு, ராணிப்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனி ஆன்லைனில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. நான் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை. மைக் படத்தை அமுக்கிப் பார்த்தேன், இயர்போனைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். ம்ஹூம். போனில் பேசலாம் என்றால், அதிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் எடுத்திருந்தேன். பத்து நிமிடம் காத்திருப்பதாக எழுத்தில் அனுப்பினார்கள்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி மீட்டிங்குக்குள் போனேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஹலோ! கேக்குதா? இப்ப கேக்குதா சார்?"

"நல்லா கேக்குதுக்கா!" என்று பதில் வந்தது. லேப்டாப்பிலிருந்து அல்ல. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பக்கத்து வீட்டுப் பெண். எனக்கும் அவளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சே கிடையாது. அவள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் உருது சொல்லிக்கொடுப்பவள். ஒருநாள் மதியம் பிள்ளைகள் கோரஸாகப் பாடம் ஒப்பிக்க, அப்போதுதான் தூங்கிய என் குழந்தை விழித்துக்கொண்டது. நான் சுவரில் ஓங்கிக் குத்தி, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அதன் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

அடுத்த நிமிடம் கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு குட்டி மைக்கோடு நின்றாள்.

"மைக்கு பேஜார் பண்ணுதா? நகருங்க, பாக்கறேன்."

மைக்கைச் சொருகினாள். அப்போதும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அசரவில்லை. செட்டிங்ஸைத் திறந்து எங்கெங்கோ போய், ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினாள். மைக்கைப் பயன்படுத்துவதற்கான அனுமதியே அதில் மூடிக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டு, "இப்ப பேசுங்க" என்றாள்.

"ஹலோ" என்றேன். "கேட்குதுங்க மேடம், ஆனா கத்தாதீங்க" என்று மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் பயம் பாதி போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், சிணுங்கிக்கொண்டிருந்த என் குழந்தையை அவள் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள்.

முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் பேசினேன். அப்போதே வேலையை உறுதி செய்துவிட்டார்கள்.

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து டீயில் தோய்த்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. மைக்கை நீட்டியபடியே, "மைக் சமாச்சாரம் உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்று கேட்டுவைத்தேன்.

"நீங்க அன்னிக்குத் திட்டுனீங்கல்ல, அதுலேர்ந்து மெதுவாதான் கிளாஸ் எடுக்கறேன். மெதுவா பேசுனா பசங்களுக்குக் கேக்கல. அதான் இதை வாங்குனேன். ஒரு வாரம் இதோட மல்லுக்கட்டி எல்லாம் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தாள். குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை. பாப்பா தூங்கும் நேரம் என்பதால் பிள்ளைகளின் சத்தம் வெளியே வராமல் ஹெட்போனும் போட்டுக்கொள்கிறாளாம்.

எட்டு மாதமாக மதிய நேரம் அமைதியாக இருந்ததற்கு, நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டதுதான் காரணம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையில் ஒரு டம்ளர் டீயைத் திணித்துவிட்டாள்.

இப்போதும் மீட்டிங்கில் யாராவது "கேட்குதா?" என்று கேட்டால், என் குழந்தையின் தூக்கத்துக்காக எட்டு மாதம் குரலைத் தாழ்த்திக்கொண்ட ஒருத்தியின் அக்கறை, பக்கத்திலேயே இருந்தும் என் காதில் விழாமல் போனதே என்றுதான் முதலில் தோன்றுகிறது.