"இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேட்டவள்

ஷாகிரா இறந்துவிட்டாள் என்று அவளுடைய தம்பி அன்சாரின் எண்ணிலிருந்து செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உகாண்டாவில் ஓர் அகதி முகாமின் உணவுக் கிடங்கு வாசலில் சோள லாரிக்காகக் காத்திருந்தேன். யாரோ அன்சாரின் போனைத் திருடிவிட்டு விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அன்சாரைக் கூப்பிட்டேன். எடுத்தவன் அழுதுகொண்டே இருந்தான். அழுவது அன்சார்தானா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம். பிறகு திருவண்ணாமலையில் எங்கள் பழைய அலுவலகத்தின் டிரைவர் முருகனைக் கூப்பிட்டேன். "ஆமாம் மேடம், விடியக்காலையில போயிட்டாங்க. சாயந்தரம் அடக்கம்னு சொல்றாங்க," என்றார். அதன் பிறகுதான் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். ஷாகிரா பார்த்திருந்தால், "ரெண்டு பேரைக் கேட்டுட்டே இல்ல, இப்ப அழு," என்றிருப்பாள்.

அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். செங்கம் சாலையில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய அறக்கட்டளையில் நாங்கள் இருவரும் உணவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டோம். அவளை அறிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. பாத்திரக் கடைக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்தவர்கள் சிலர். வீடு வீடாகப் போய்ச் சமையலறையை எட்டிப் பார்க்கிறவள் என்று திட்டியவர்கள் பலர். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுகிறவர்களை அவள் நம்பமாட்டாள். அதனால் நானும் அப்படி எழுதப் போவதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அவளைச் சொல்ல முடியும். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் வாசலில் அண்டா வைத்து, மலை சுற்றி வருகிறவர்களுக்குத் தொன்னையில் சாம்பார் சாதம் கொடுப்போம். சோறு போடுவது புண்ணியம் என்று மட்டுமே எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே தங்கிய டச்சுப் பெண்மணி ஒருவர் தான் பஞ்ச முகாம்களில் உணவு வழங்கும் வேலை பார்த்தவர் என்றார். சம்பளம், ஒப்பந்தம், விடுப்பு எல்லாம் உள்ள வேலை! அன்று இரவு வீட்டில் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சோறு போடறதுக்குச் சம்பளமா? எவனோ ஏஜென்ட்டு ஏமாத்தறான். வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போயி ரூம்ல பூட்டி வைப்பான்," என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை. அப்படிப் போன பெண்களின் கதை எங்கள் பக்கத்திலும் உண்டு.

அனுபவம் இல்லாமல் வெளிநாட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அந்தப் பெண்மணியே சொல்லியிருந்ததால் அறக்கட்டளையில் சேர்ந்தேன். முதல் நாள் ஷாகிரா என் மேசைக்கு வந்து, "எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?" என்று கேட்டாள். சேவை செய்ய என்றேன். "சேவைன்னு சொல்றவங்களைக் கொஞ்ச நாள் பாத்துட்டுத்தான் நான் டீ வாங்கிக் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். திமிர் பிடித்தவள் என்று முடிவுகட்டினேன். அதில் பாதி உண்மை.

அவளுக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. உணவுப் பொருள் கொடுத்த வீட்டுக்குச் சில நாள் கழித்து முன்னறிவிப்பில்லாமல் போவாள். கொடுத்தது வந்ததா, நன்றாக இருந்ததா என்று கேட்கவே மாட்டாள். "அதைக் கேட்டா எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. குடுக்கறவங்க மனசு நோகக்கூடாதுன்னு நெனைப்பாங்க," என்பாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு நிறுவனம் அனுப்பிய சத்துமாவைக் கொடுத்திருந்தோம். பிரமாதம் என்று ஊரே சொன்னது, புகைப்படமும் எடுத்தாயிற்று. ஷாகிரா போய்ச் சமைத்ததைக் கேட்டாள். கேழ்வரகுக் கூழ், நேற்றைய குழம்பு, ஒரு வீட்டில் எலுமிச்சை சாதம். மாவு எங்கும் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் மாட்டுத் தொட்டியில் கரைத்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்த வாசனை ஆகவில்லை. "கன்னுக்குட்டி நல்லா தேறிடுச்சும்மா," என்று அந்த வீட்டு அம்மா வெள்ளந்தியாகச் சொன்னார். ஷாகிரா அதை அப்படியே நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டாள். எங்கள் இயக்குநர் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த ஆண்டு மழையில் ஒரு கிராமத்து ஏரி உடைந்தது. ஊர்ப் பள்ளியில் அரிசி, பருப்புப் பைகள் கொடுக்கும் வாசலை என்னிடம் விட்டார்கள். டோக்கன் பார்த்துக் கொடுக்க வேண்டும். டோக்கன் இல்லாமல் ஒரு பாட்டி வந்து அழுதார், கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். எங்கள் வீட்டு வாசலில் சாப்பிட வந்தவரிடம் ஊர் பேர் கேட்பது பாவம். கை நீட்டியவருக்குப் போடுவதுதான் வழக்கம். ஒருவரே பத்துப் பந்தலில் சாப்பிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே வாசலில் நின்றேன். சேதி பரவி, தண்ணீர் எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மதியத்துக்குள் பைகள் தீர்ந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் சாயங்காலம் டோக்கனோடு வந்து நின்றார்கள். எங்கள் வீட்டு அண்டாவிலாவது அடியில் ஒட்டியது இருக்கும், அங்கே ஒரு பைகூட மிச்சமில்லை.  ஷாகிரா அவர்களைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாடு கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

சில மாதங்களில் வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்றின் நேர்காணல் எனக்கு வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து பேசினேன். முதலில் யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். "முதலில் வருகிறவர்களுக்கு," என்றேன். பசிக்கிறவர் வருவார் என்பது என் எண்ணம். வர முடியாதவருக்குத்தான் ஜாஸ்தி பசிக்கும் என்று அந்த நிமிடத்தில் வாயில் வரவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காக மட்டும் என்னைத் தள்ளியிருக்கமாட்டார்கள் என்று சந்தேகப்பட்டேன். வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்த மறுநாளே, அவர்கள் ஷாகிராவைக் கூப்பிட்டுப் பேசியதாக முருகன் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

எதிர் டீக்கடையில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"இப்ப எடுக்காதீங்கன்னு சொன்னேன்," என்றாள். கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. "அழறவங்களைப் பாத்தா நீ குடுத்துடுவே கலை. அழத் தெம்பு இல்லாதவன் கடைசியில நிப்பான். அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீயும் அதே வேலைக்குப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

அதற்குமேல் என்ன சந்தேகம் வேண்டும்? என்னைக் கவிழ்த்துவிட்டு அவள் போகப் பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவளுக்கும் வேலை கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவர்களிடமே, "உங்க கிடங்குல சரக்கு எவ்வளவு காணாமப் போவுது, அதை முதல்ல சொல்லுங்க," என்று கேட்டிருக்கிறாள். கேள்விப்பட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

அதன் பிறகு நாலு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் அவளை நம்பவே இல்லை. அவள் போன ஊருக்கு அடுத்த நாள் நானும் போவேன். அவள் கேட்ட வீட்டில் நானும் கேட்பேன். அவள் கொடுத்ததாகச் சொன்னது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பேன். அவளுக்கு இது தெரியும். "எந்த ஊர்ல டீ நல்லா இருக்குன்னும் சொல்லட்டுமா? அதையும் செக் பண்ணிக்கோ," என்று கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். ஒருமுறை அவள் மாட்டினாள். கள்ளச் சாராயம் விற்கிறான் என்று கேள்விப்பட்டு ஒருவன் வீட்டுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தாள். நான் போனபோது அவனே இல்லை. எங்கோ ஓடிப்போயிருந்தான். பிள்ளைகள் பச்சை வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "சந்தேகப்பட்டா போய்ப் பாக்கணும், பாக்காம சந்தேகப்படறதுக்கு எதுக்குடி சம்பளம்?" என்றேன். முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அரிசி மூட்டையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தானே போனாள். திரும்பி வந்து, "நீ சொன்னது சரி," என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் வேறெப்போதும் கேட்டதில்லை.

இப்போது நான் இருக்கும் வேலைக்கு மனு போட்டபோது மறுபடியும் அவளைத்தான் விசாரித்தார்கள். உணவுப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவர் வேறு யாரும் இல்லையே, என்ன செய்வது? என்ன சொன்னாய் என்று கேட்டேன். "போயிட்டு வா," என்று சிரித்தாள். வேலை கிடைத்தது. அப்பா மட்டும் விடவில்லை. இது ஏஜென்ட் வேலைதான் என்று பிடிவாதமாக இருந்தார். ஷாகிரா எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு வெவ்வேறு போன்களிலிருந்து வெவ்வேறு ஆளாகப் பேசினாள். ஒருமுறை ரிப்போர்ட்டர், ஒருமுறை போலீஸ்காரர் மனைவி. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னதும், "நெஜமான கம்பெனிதான் அப்பா. நீங்க நம்பலைன்னா நான் இன்னும் ஜாஸ்தி நம்பல. அதான் இத்தனை போன்," என்றாள். அப்பா அன்றுதான் சம்மதித்தார். என்னிடம் தனியாக, "பாஸ்போர்ட்டை எவன் கையிலயும் குடுக்காதே, என் மேல சத்தியம்," என்றாள். எனக்கு அப்போதும் ஒரு மூலையில் சந்தேகம், என்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு என் நாற்காலிக்கு வேறு யாரையாவது கொண்டுவரப் பார்க்கிறாளோ என்று.

எல்லார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்தவள் தன் உடம்பை மட்டும் யாரையும் பார்க்க விடவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போனது அன்சாருக்கே கடைசியில்தான் தெரியும். போனில் கேட்கும்போதெல்லாம் வயிற்றில் கேஸ் என்றாள். நானும் இரண்டாவது ஆளைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. எங்களை எல்லாம் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அடக்கத்துக்குள் என்னால் போய்ச் சேர முடியாது என்று தெரியும். ஆனாலும் அவள் வீட்டாரைப் பார்க்கச் சில நாள் விடுப்பு வேண்டுமென்று எங்கள் முகாம் அதிகாரி கிரேஸிடம் போய் நின்றேன். கிரேஸ் இந்த நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். யார் இறந்தது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உன்னைப் பற்றி விசாரிக்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது நான்தான் என்றார். அவள் சொன்னதை மறக்கவில்லை என்று, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அது ஷாகிராவின் குரலில்தான் கேட்டது.

"இவ நாலு வருஷமா என்னை நம்பல. நான் போன எடமெல்லாம் போய்ப் பாப்பா. என் தப்பை என் மூஞ்சிக்கு நேரா சொன்னா. அதுக்காக என்கூட வேலை செய்யறதை ஒரு நாளும் விடல. பசிச்சவங்க சோத்தை இவ கையில குடுங்க."

நான் நம்பவில்லை. நிஜமாகவே அப்படிச் சொன்னாளா என்று கிரேஸிடம் கேட்டேன்.

"நீ இப்படிக் கேட்பாய் என்றும் சொன்னாள்," என்றார் கிரேஸ்.

ஷாகிராவை அறிந்த உங்களிடம் அவளுடைய ஏதாவது ஒன்று இருக்கும், ஒரு சண்டையோ, ஒரு கிண்டலோ. என்னிடம் இருப்பது அவள் என்னைப் பற்றிச் சொன்ன அந்த நாலு வார்த்தை. அது உண்மையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் இப்போது மண்ணுக்குள் இருக்கிறாள். வேறு யாரையும் நான் கேட்கப் போவதில்லை. இதை மட்டும் நம்பிவிடுகிறேன், ஷாகிரா.