சாமைக்களத்துக்கு வந்த பூஜ்ஜியம்

நவம்பர் 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கி, வெந்நீர் குடித்து, அண்ணன் வீட்டு வாசலைப் பெருக்கினேன். களியும் கீரையும் சாப்பிட்டபின் போனுடன் பாறைக்குப் போனேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குச் சிக்னல் அந்தப் பாறையில்தான் கிடைக்கும். அண்ணி அங்கே சாமை காயவைத்திருந்தார்.

கீழே வேலூரில், எங்கள் ஆய்வகத்தில், தலைமுடியைவிடச் சில ஆயிரம் மடங்கு மெல்லிய ஈயக் கம்பி ஒன்று திரவ ஹீலியத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு குளிரில் ஈயத்தின் மின்தடை அடியோடு மறைந்துவிடும். இத்தனை மெல்லிய கம்பியிலும் மறையுமா என்பதுதான் எங்கள் கேள்வி. முந்தைய மெல்லிய கம்பிகள் எல்லாம் அறுந்துவிட்டன. இதுவே கடைசி. ஹீலியமும் அன்றிரவு வரைக்குத்தான்.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் வாணியம்பாடித் தோழி போனை எடுத்தாள். "அக்கா, தடை பாதி கொறஞ்சு அப்படியே நின்னுபோச்சு. இன்னா பண்றது?"

"கரண்ட் எவ்ளோ வச்சிருக்க?"

"போன கம்பிக்கு வச்சதுதான்."

"அது ஒத்திகைக்குப் போட்ட தடிக் கம்பி. இது தாங்காது, சூடாயிடும். நூத்துல ஒரு பங்கா கொறச்சிடு. மெதுவா. டக்குனு திருப்பினா அறுந்துடும்."

அவள் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினாள். போனைக் காதில் வைத்தபடி காயும் சாமைமேலேயே நடந்துவிட்டேன்.

"இன்னா நாத்தனாரே, சாமையை மிதிக்கவா மலையேறி வந்தே?" என்றார் அண்ணி.

அப்போது போனில் குரல் வந்தது. "அக்கா, ஜீரோ. மீட்டர்ல ஒண்ணுமே இல்ல."

"அறுந்திருந்தா தடை எகிறியிருக்கும். இல்லதானே?"

"எகிறல அக்கா. ஜீரோதான்."

"ஜீரோவாம் அண்ணி!" என்று கத்தினேன். காலடியில் சாமை சிதறியது.

"அதுக்கா இந்தக் குதி? போன வருஷம் சாமையில எங்களுக்கும் ஜீரோதான். நான் யாருக்கும் போன் போடல."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் ஒருமுறை வந்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. "கொஞ்சம் சூடேத்தி, திரும்பக் குளிர வை. முதல்ல கொறைய ஆரம்பிச்ச அதே டிகிரியில தடை விழுதான்னு பாரு" என்றேன். மீதி ஹீலியம் அந்த ஒரு தடவைக்குத்தான் வரும். அன்று வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை.

மறுநாள் காலை பல்கூடத் துலக்காமல் பாறைக்கு ஓடினேன். அண்ணி அதற்குள் சாமையைப் பரப்பியிருந்தார். சிக்னல் கிடைக்கும் இடம்வரை ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்கு வழி விட்டிருந்தார். அதன் வழியே போய் நின்று போன் போட்டேன்.

"அதே டிகிரிதான் அக்கா," என்றாள் தோழி.