பயறு டப்பாவில் ப்யூஸ் கட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார். ஆனால் எங்கள் மரவள்ளியைக் காப்பாற்றியது அந்தக் கோபம்தான், அதை அவர் சொல்லமாட்டார்.

நான் மோகனூர்ப் பக்கத்துப் பெண். காவிரிக் கரை மண்ணில் ஒரு தடவை பாய்ச்சினால் வாழை பத்து நாளைக்கு வாய் திறக்காது. வாக்கப்பட்டு வந்தது வெண்ணந்தூர்ப் பக்கம். எங்கள் மரவள்ளிக் காடு முழுக்கச் செம்மண்ணும் சரளையும். இன்றைக்கு விட்ட தண்ணீர் நாளைக்கு எங்கே போனதென்று தெரியாது, நாலாம் நாள் திரும்பவும் மோட்டார் போடவேண்டும். கிணறு வற்றிக்கொண்டே போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

"சட்டியில இருந்தாத்தானுங்க அகப்பையில வரும். ஏரி வண்டல் அடிச்சா ஈரம் நிக்குமுங்க" என்று இரண்டு வருடம் நச்சரித்தேன். ஒரு கோடையில் டிப்பரில் கொண்டுவந்து கொட்டினோம். மேற்கு ஓரத்தில் நாலு வரிசைக்கு மட்டும் வண்டி ஏறவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரான என் கொழுந்தனார் வரப்பில் நின்று, "அண்ணி பொறந்த ஊட்டுக் காவேரியவே கொண்டாந்துட்டாங்க போ!" என்று சிரித்தார். கிழங்கு தேறினால் வாயை மூடுவார், தேறாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கேலிதான்.

குச்சி நட்ட மூன்றாம் மாதம் இலை மஞ்சளடித்தது. "தண்ணி பத்தலை அம்மிணி" என்று என் வீட்டுக்காரர் மூன்று நாளைக்கு ஒரு தடவை பாய்ச்சினார். மஞ்சள் கூடியது. உடனே ஒன்றுவிட்டு ஒரு நாள் பாய்ச்சினார். மண்ணை மாற்றிவிட்டோம், மனுஷன் மட்டும் பழைய மண்ணுக்கே தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் மண்வெட்டியோடு போய் ஒரு முழம் தோண்டினேன். உள்ளே கன்னங்கரேலென்று சேறு, சாக்கடை வாடை. ஒரு பிடி எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்றது. அதைக் கொண்டுபோய் அவர் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது தாகத்துல வாடற செடியாங்க? வேரு மூச்சு முட்டிக் கெடக்குது. ஆத்துல போட்டாலும் அளந்து போடணுமுங்க."

"மேல பாரு, வெடிச்சுக் கெடக்குது. நாப்பது வருசமா தண்ணி கட்டறேன், நீ எனக்குச் சொல்றியா?"

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நேரே மோட்டார் அறைக்குப் போய் மெயினை இறக்கி, மூன்று ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிவந்து பச்சைப்பயறு டப்பாவில் புதைத்தேன். மனுஷன் ஊரெல்லாம் தேடினார். "எலி இழுத்துட்டுப் போயிருச்சோ?" என்று என்னிடமே கேட்டார். புதிது வாங்க வண்டியை எடுத்தபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

"பத்து நாள் பொறுங்க. செடி செத்துப்போனா நான் எங்கூட்டுக்கே போயிடறேன்."

"அப்புறம் சோறு யாரு ஆக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. தினமும் தோண்டிப் பார்த்தேன். ஈரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எட்டாம் நாள் பச்சைக் குருத்து! கத்திக் கூப்பிடலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் மேற்கு ஓரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"இங்க வா அம்மிணி. இதுக்கு என்ன சொல்லற?"

வண்டல் படாத அந்த நாலு வரிசையும் தலை தொங்கி நின்றன. மண்ணை அள்ளினால் பொடியாக உதிர்ந்தது. இந்த வரிசைகளை நான் அடியோடு மறந்திருந்தேன்.

"தப்புதானுங்க" என்றேன். கல்யாணமாகி முதல் தடவை. அவர் வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் டப்பாவை எடுத்துவர ஓடினேன்.

அந்த நாலு வரிசைக்குத் தனி வாய்க்கால் வெட்டினோம். ஒவ்வொரு தடவை பாய்ச்சி முடித்ததும் கட்டைகள் பயறு டப்பாவுக்கே திரும்பின. அவர் இரண்டு இடத்து மண்ணையும் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார். நான் இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டைகளைக் கொடுப்பேன்.

பத்தாம் மாதம் கிழங்கு பிடுங்கினோம். வண்டல் பக்கத்தில் ஒவ்வொரு செடியையும் இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. கொழுந்தனார் வந்தார், குவியலைச் சுற்றினார், ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, ஏரியில இன்னும் மண்ணு இருக்குதுங்களா?"

"காவேரியே இருக்குது. வந்து அள்ளிக்குங்க" என்றேன்.