வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பவர் திருடர் அல்ல

வியாழக்கிழமை காலை காய்கறி லாரி வந்து நின்ற நேரத்தில் ரெஜினாவின் மகள் கூப்பிட்டாள். என்னிடம் எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசும் பெண். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்று தமிழில் சொன்னாள்.

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவில் என் காய்கறிக் கடைக்கு வருகிற உங்களில் பலருக்கு ரெஜினாவைத் தெரியும். தூத்துக்குடிக்காரர். படங்களிலும் வீடியோக்களிலும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை அடையாளம் காணக் கணினியைப் பழக்குவது அவர் தொழில். என் கடையில் அவருடைய வேலை வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது. ஒடிக்காதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறேன். "ஒடிக்காம வாங்குனா முத்தல் எல்லாத்தையும் என் தலையில கட்டிருவீய அண்ணாச்சி" என்பார். உண்மைதான், கட்டுவேன்.

போன வருடம் கட்டட உரிமையாளர் எல்லாக் கடைகளிலும் புதுக் கேமரா மாட்டினார். திருடும் கையை அதுவே கண்டுபிடித்து அலாரம் அடிக்குமாம். எனக்குச் சந்தோஷம், திருட்டுப் போனால் நஷ்டம் எனக்குத்தானே. முதல் சனிக்கிழமையே அடித்தது. வெண்டைக்காய்ப் பெட்டியருகே நின்ற நெடுநாள் வாடிக்கையாளர் செல்வி ஆன்ட்டியைக் கட்டட செக்யூரிட்டி நிறுத்தி, கூட்டத்தின் நடுவே அவர் கைப்பையைக் கொட்டிப் பார்த்தான். கண்ணாடியும் மாத்திரையும்தான் இருந்தன. ஆன்ட்டி காயை அப்படியே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

அங்கே நின்ற ரெஜினா அந்த வீடியோவைப் போடச் சொன்னார். நுனி ஒடித்துப் பிசுபிசுத்த விரலை, இடுப்பில் செருகிய முந்தானையில் ஆன்ட்டி துடைக்கிறார். அவ்வளவுதான்.

"இதுக்குக் கண்ணு கெடையாது அண்ணாச்சி. எங்கயோ எடுத்த வீடியோவக் காட்டி, கை இப்பிடி இடுப்புக்குப் போனா திருட்டுன்னு படிச்சுக் குடுத்துருக்காவ. அதுல சேலை கட்டுன ஒருத்திகூட இருந்திருக்க மாட்டா."

அடுத்த வாரம் கேமரா விற்றவர் கோட்டுப் போட்டு வந்தார். ரெஜினா அவரை ஒரு வெண்டைக்காயை ஒடித்து, விரலைக் கோட்டின் உள்பக்கத்தில் துடைக்கச் சொன்னார். அலாரம் அடித்தது.

"இப்போ உங்க பையைத் திறங்க சார்."

கடையே சிரித்தது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தப்பு வரும், போகப் போகக் கற்றுக்கொள்ளும் என்றார் அவர். ரெஜினா விடவில்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "உங்களுக்கு அது கணக்கில் ஒரு தப்பு. அந்த அம்மாவை ஊரே பார்த்தது. போய் மன்னிப்புக் கேளுங்கள்." போனார். நானும் கூடவே போனேன். அன்றிலிருந்து என் கடையில் அலாரம் அடித்தால் முதலில் மனிதர் ஒருவர் வீடியோவைப் பார்ப்பார். யார் பையிலும் கை வைப்பதில்லை.

இப்போது கடையின் வாடகை லீஸைப் புதுப்பிக்கும் நேரம். அலாரம் அடித்தால் பையைச் சோதித்தே ஆகவேண்டும் என்று உரிமையாளர் நிபந்தனை சேர்த்திருக்கிறார். கேள்வி கேட்கிறவர்தான் இல்லையே என்ற தைரியம்.

இந்த அஞ்சலியின் கடைசியில் ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். சாந்தமாக இருக்கிற ஆளா ரெஜினா? லீஸில் கையெழுத்தும் போட மாட்டேன். கடையை வேறு தெருவுக்குத் தூக்க வேண்டியிருந்தால் தூக்குவேன். கடை நான் சம்பாதித்தது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வாய் அவர் கொடுத்தது. அதை விடுவதாக இல்லை.