காய்ச்சல் விட்ட நாள்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் தம்பி மகள். அவள் அம்மா செத்தபோது மூன்று வயதில் தூக்கி வந்து வளர்த்து, என் மூத்த மகனுக்கே கட்டி வைத்தேன். அவளுக்கு வந்த காய்ச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது, நல்ல சீசன். அப்போதுதான் படுத்தாள். அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். மூன்று நாள் அனலாகக் கொதித்தாள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது.

என் வீட்டில் யாரும் பகலில் பாயில் கிடந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. நான்தான் சொன்னேன்: "காச்சல்தான் விட்டுருச்சுல்ல. எந்திரிச்சு வேலைக்குப் போ."

அசதியாக இருக்கிறது என்றாள். போனால் சரியாகும் என்றேன். போய்விட்டாள்.

மத்தியானமே கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். இரண்டு தடவை வாந்தியாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கையிலும் முகத்திலும் எப்போதும் போல அலுமினியப் பவுடர், வெள்ளி பூசின மாதிரி. வெந்நீர் வைத்து முழங்கை வரை நானே தேய்த்துக் கழுவினேன். பவுடர் போனது. அதற்கடியில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவை போகவில்லை.

"பவுடரு ஒத்துக்கிறல போல. தேங்கா எண்ண தடவுங்க" என்றாள் வந்தவள்.

நானும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். அப்போது இவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாக விழுந்தது. கால் இரண்டும் சில்லென்று இருந்தன. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினேன்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தப் புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தியும் மறையவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார். காய்ச்சல் என்றைக்கு விட்டது என்று கேட்டார். இன்று காலையில், விட்டதும் வேலைக்கு அனுப்பினேன் என்றேன்.

"காய்ச்சல் விடுறப்பதான் பாட்டி ஆபத்தே. அப்ப எதுக்கு வேலைக்கு அனுப்புனீங்க?"

பிறகு விளக்கிச் சொன்னார். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேருமாம். மிஞ்சின ரத்தம் கூழ் மாதிரி கெட்டியாகி, நாடி அடங்கிக்கொண்டே போகுமாம். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்களும் குறைவதால் ஈறில் கசிகிறது, தோலுக்கடியில் புள்ளி வைக்கிறது. நான் கொடுத்த வலி மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டுகிற ரகம் என்றார். மணிக்கு இவ்வளவு என்று அளந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். போகிற சிறுநீரையும் அளந்தார்கள். இரண்டு நாள் நான் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் ரசஞ்சோறு கேட்டாள். ஊட்டும்போது என்னையே பார்த்தாள்.

"என்னத்தே, வேலைக்குப் போன்னு இன்னைக்கு வெரட்டலியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அடுத்த வாயை ஊட்டினேன்.

வீடு திரும்பிய பிறகு சுகாதாரத்துக்காரர்கள் வந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருந்தேன். தெளிவான தண்ணீர். டார்ச் அடித்துக் காட்டினார்கள், உள்ளே புழு நெளிந்தது. பகலில் கடிக்கிற கொசு அதில்தான் வளருமாம். நானே கவிழ்த்துக் கொட்டினேன்.

யாரிடமும் என் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அவளிடமும் இதுவரை சொல்லவில்லை. அதனால்தான் எழுதினேன். அவள் மகள் ஆறாவது படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, இங்கன வா. இத உங்கம்மா காதுல விழுறாப்புல வாசி. வேலைக்குப் போன்னு நான் சொன்ன எடத்த முழுங்கிறாத."